எதிரி எழுதிவைத்த பட்டியல்

1776ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் கியூபெக் நகரத்திலிருந்து மூன்று பேர் கிளம்பினார்கள். ஒருவர் பிரான்சுவா பாபி, வணிகர். இன்னொருவர் கப்ரியேல்-எல்சேயார் தாஷ்ரோ, போஸ் பகுதியில் சென்ட்-மரி என்ற ஊரின் நிலக்கிழார். மூன்றாமவர் ஜென்கின் வில்லியம்ஸ், வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த வழக்கறிஞர். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கியூபெக்கின் கவர்னர் கை கார்ல்டன் அவர்களிடம் ஒப்படைத்த வேலை இதுதான்: செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள ஊர்களுக்கு ஒவ்வொன்றாகப் போக வேண்டும். போன குளிர்காலத்தில் பிரிட்டனை எதிர்த்துக் கனடாவுக்குள் படையெடுத்து வந்த அமெரிக்கக் கிளர்ச்சிக்காரர்களுக்கு யார் யார் உதவினார்கள் என்று விசாரித்து எழுத வேண்டும்.

ஊருக்குள் வந்ததும் பங்கு மக்களைக் கூட்டுவார்கள். ஊர்ப்படை ஆட்களை வரிசையில் நிறுத்திப் பார்வையிடுவார்கள். அமெரிக்கர்கள் கொடுத்த கேப்டன் நியமனச் சீட்டு யாரிடமாவது இருந்தால் வாங்கி, எல்லோர் கண்ணெதிரிலும் கொளுத்துவார்கள். கிளர்ச்சிப் பக்கம் சாய்ந்த கேப்டனை நீக்கிவிட்டு, அரசருக்கு விசுவாசமானவர் என்று நம்பிய ஒருவரை அந்த இடத்தில் வைப்பார்கள். 'அரசர் வாழ்க' என்று எல்லோரையும் முழங்கச் சொல்வார்கள். அப்புறம் உட்கார்ந்து எழுதுவார்கள். இன்னார் எதிரிக்குத் தானியம் விற்றார், இன்னார் ஆயுதம் எடுத்தார், இன்னார் ராத்திரி தீ மூட்டிக் காவல் இருந்தார், இன்னாருடைய மனைவி வீடு வீடாகப் போய்ப் பேசினார். இப்படியே 50க்கும் மேற்பட்ட ஊர்கள், ஜூலை மாதம் வரை.

தண்டிப்பதற்காக எழுதிய ஏடு அது. இன்றைக்கு கியூபெக்கிலும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் இருக்கிற பிரெஞ்சுக் கனடிய வம்சத்தவர்கள், நம் முன்னோர் யாராவது அமெரிக்கப் புரட்சிக்குத் துணை நின்றார்களா என்று தேடக் கிளம்பினால் முதலில் புரட்டுகிற ஏடுகளில் அதுவும் ஒன்றாகிவிட்டது. அந்தக் குடியானவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தங்களைப் பற்றித் தாங்களே ஒரு வரி எழுதிவைத்தவர்கள் மிகக் குறைவு. குற்றவாளி என்று பார்த்தவன் எழுதிவைத்ததால்தான் அவர்களுடைய பெயர் மிஞ்சியிருக்கிறது. அந்த ஏட்டின் வாசகங்களைப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசு கனத்துப்போகும்.

அவர்கள் ஏன் உதவினார்கள்? சுதந்திரம் என்ற சொல்லில் மயங்கி என்று ஒரு கூட்டம் சொல்லும். ஏமாந்துபோனார்கள் என்று இன்னொரு கூட்டம் சொல்லும். எனக்குப் படுவது வேறு. தங்கள் ஊரில், தங்கள் களத்துமேட்டில், பல வருஷமாக நிலுவையில் இருந்த ஒரு கணக்கை நேர்செய்ய ஒரு வாய்ப்பு வந்தது. அதை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கு என்ன என்று தெரிய, பதினாறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

26ல் ஒரு பங்கு

1759 செப்டம்பர் 13 அன்று கியூபெக் நகரத்துக்கு வெளியே ஆபிரகாம் சமவெளியில் பிரெஞ்சுப் படை ஜெனரல் ஜேம்ஸ் வுல்ஃபின் ஆங்கிலேயப் படையிடம் தோற்றது. மறுவருஷம் செப்டம்பரில் மான்ட்ரியல் சரணடைந்தது. 1763 பாரிஸ் உடன்படிக்கையில் பிரான்ஸ் கனடாவை விட்டுக்கொடுத்தது. அப்போது அங்கே இருந்த பிரெஞ்சு மொழி பேசும் கத்தோலிக்க மக்கள் சுமார் 70,000 பேர். பிரெஞ்சு அதிகாரிகளும் பணக்காரர்களில் பலரும் கப்பல் ஏறிவிட்டார்கள். குடியானவர்கள் எங்கே போவார்கள்? நிலத்தோடு இருந்தார்கள்.

அந்தப் போரைப் பற்றி ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1759 கோடையில் கியூபெக் நகரம் பணியவில்லை என்றதும், வுல்ஃபின் படைகள் ஆற்றங்கரை ஊர்களைக் கொளுத்திக்கொண்டே போயின. தென்கரையில் கமுராஸ்கா வரைக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் களஞ்சியங்களும் சாம்பலாயின. அறுவடை சமயம் வேறு. அந்தப் படையில் வுல்ஃபின் உயரதிகாரிகளில் ஒருவராக இருந்தவர்தான் கை கார்ல்டன். பதினாறு வருஷம் கழித்து அதே கார்ல்டன் கவர்னராக உட்கார்ந்துகொண்டு, அதே தென்கரை மக்களை 'அரசருக்காக ஆயுதம் எடுங்கள்' என்று கூப்பிட்டார். எரிந்த வீட்டை மறுபடி கட்டியவர்கள் அப்போதும் உயிரோடுதான் இருந்தார்கள்.

சரி, நிலத்துக்கு வருவோம். ஆற்றை ஒட்டிக் குறுகலாகத் தொடங்கி உள்ளே நீண்டுகொண்டே போகும் பட்டை பட்டையான நிலங்கள். நிலத்தை உழுபவர் 'அபிதான்', அதாவது குடியானவர். மேலே 'செய்ன்யர்' என்ற நிலக்கிழார். குடியானவர் வருஷா வருஷம் அவருக்குக் குத்தகை கட்ட வேண்டும், தானியத்தை அவருடைய ஆலையில்தான் அரைக்க வேண்டும், அரைத்ததில் 14ல் ஒரு பங்கை ஆலைக்கூலியாக விட்டுவிட்டு வர வேண்டும். கோயிலுக்குத் தசமபாகம். பெயர்தான் தசமபாகம், கனடாவில் அது விளைந்த தானியத்தில் 26ல் ஒரு பங்கு. பிரெஞ்சு ஆட்சியில் அதைக் கொடுக்காவிட்டால் வழக்குப் போட்டு வாங்கலாம்.

ஆங்கிலேயர் வந்த பிறகு ஒரு சின்ன இடைவெளி கிடைத்தது. புராட்டஸ்டன்ட் அரசின் நீதிமன்றம் கத்தோலிக்கத் தசமபாகத்தை வசூலித்துத் தரவில்லை. கொடுப்பதும் கொடுக்காததும் குடியானவரின் மனசைப் பொறுத்தது என்றாயிற்று. நிலக்கிழாருடைய அதிகாரமும் தளர்ந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷம் இப்படிப் போனதில் மக்கள் கொஞ்சம் நிமிர்ந்து நடக்கப் பழகியிருந்தார்கள்.

1774ல் லண்டன் நாடாளுமன்றம் கியூபெக் சட்டத்தை நிறைவேற்றியது. இன்றும் பல பாடப்புத்தகங்கள் இதைப் பெருந்தன்மையான சட்டம் என்று எழுதுகின்றன. கத்தோலிக்கர்கள் தங்கள் மதத்தைத் துறக்காமலேயே அரசுப் பதவி வகிக்கலாம், சிவில் வழக்குகளுக்குப் பழைய பிரெஞ்சுச் சட்டம் செல்லும். யாருக்குப் பெருந்தன்மை என்று கேட்டால்தான் விஷயம் புரியும். பாதிரியாருக்கு, நிலக்கிழாருக்கு. தசமபாகம் மறுபடி சட்டப்படி வசூலிக்கத்தக்கது ஆயிற்று. நிலக்கிழார்களுக்கு கவர்னரின் ஆலோசனை சபையில் இடம் கிடைத்தது. மக்கள் தேர்ந்தெடுக்கும் சபை எதுவும் கிடையாது. வயலில் நின்ற மனிதருக்கு அந்தச் சட்டம் என்னவாகத் தெரிந்தது? தளர்ந்திருந்த கயிற்றை மறுபடி இறுக்கிக் கட்டியதாகத் தெரிந்தது.

சட்டம் நடைமுறைக்கு வந்தது 1775 மே 1. அன்று காலை மான்ட்ரியல் சதுக்கத்தில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மார்பளவுச் சிலைக்கு யாரோ கரி பூசியிருந்தார்கள். கழுத்தில் உருளைக்கிழங்கைக் கோத்த ஜெபமாலை, அதில் ஒரு சிலுவை. சிலுவையில் 'இதோ கனடாவின் போப்பாண்டவர், ஆங்கிலேய மூடர்' என்று பிரெஞ்சில் எழுத்து. செய்தவர் யார் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அது ஆங்கிலேய வணிகர்களுடைய கோபமாகவும் இருக்கலாம், ஏனென்றால் அவர்களுக்கும் அந்தச் சட்டம் பிடிக்கவில்லை.

பிலடெல்பியாவில் கூடிய அமெரிக்கக் காங்கிரஸ் இந்த அதிருப்தியைக் கவனித்துக்கொண்டிருந்தது. 1774 அக்டோபர் 26 தேதியிட்டு கியூபெக் மக்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. ஃப்ளூரி மெஸ்ப்லே என்ற பிரெஞ்சு அச்சுக்காரர் அதைப் பிரெஞ்சில் 2,000 பிரதி அச்சிட்டார். மதவேற்றுமையை மறந்து கைகோப்போம் என்றது கடிதம். அதே காங்கிரஸ் ஐந்து நாள் முன்னால் பிரிட்டன் மக்களுக்கு எழுதிய இன்னொரு கடிதத்தில், கத்தோலிக்க மதம் உங்கள் தீவையே ரத்தத்தில் மூழ்கடித்த மதமல்லவா, அதற்குப் போய்ச் சலுகையா என்று குமுறியிருந்தது. இரண்டாவது கடிதமும் கனடாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. படித்தவர்கள் இதைக் காட்டி அமெரிக்கர்களுடைய இரட்டை நாக்கைப் பாருங்கள் என்றார்கள். ஆனால் குடியானவர்களுடைய முடிவு இந்தக் கடிதங்களால் ஆனது என்று நான் நினைக்கவில்லை. அவர்களை நகர்த்தியது கோயில் வாசலிலும் ஆலையிலும் நடந்த பேச்சு.

1775 மே மாதம் ஆயர் ழான்-ஒலிவியே பிரியான் ஒரு சுற்றுமடல் அனுப்பினார். அரசருக்குக் கீழ்ப்படிவது கிறிஸ்தவக் கடமை என்றார். ஜூன் 9 அன்று கார்ல்டன் ராணுவச் சட்டத்தை அறிவித்து, ஊர்ப்படையைத் திரட்டச் சொன்னார். நிலக்கிழார்கள் ஊருக்குப் போய், என் நிலத்தில் இருக்கிறாய், எனக்குப் பின்னால் போருக்கு வருவது உன் கடமை என்று அதட்டினார்கள். மக்கள் அசையவில்லை. குத்தகை கொடுக்கிறோம், அதற்கு மேல் எதுவும் கடன்படவில்லை என்பதுதான் அவர்களுடைய நிலை. சில ஊர்களில் நிலக்கிழார்களை விரட்டியும் விட்டார்கள்.

பாஸ்தோனே வந்தபோது

பாஸ்டன் என்ற ஊர்ப்பெயரை வைத்துக் கனடியர்கள் அமெரிக்கர்கள் எல்லோரையும் 'பாஸ்தோனே' என்றே கூப்பிட்டார்கள். 1775 இலையுதிர்காலத்தில் பாஸ்தோனே இரண்டு வழியாக வந்தார்கள்.

ஒரு படை ரிச்சர்ட் மான்ட்கோமெரி தலைமையில் ஷாம்ப்ளேன் ஏரி வழியாக ஏறி, ரிஷெல்யூ ஆற்றின் மேல் இருந்த சான்-ழான் கோட்டையை செப்டம்பரில் முற்றுகையிட்டது. முற்றுகை இழுத்துக்கொண்டே போனது. சேறு, காய்ச்சல், வெடிமருந்துப் பற்றாக்குறை. திருப்பம் வந்தது கனடியர்களால். ஷாம்ப்ளி பக்கத்தில் தானிய வியாபாரம் செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் லிவிங்ஸ்டன் அந்தப் பகுதிக் குடியானவர்கள் சுமார் 300 பேரைத் திரட்டியிருந்தார். அவர்களும் அமெரிக்கர்களும் சேர்ந்து, ராத்திரியில் பீரங்கிகளைப் படகில் ஏற்றிக் கோட்டைக்காரர்கள் கண்ணில் படாமல் ஆற்றோடு கீழே கொண்டுபோய், அக்டோபர் 18 அன்று ஷாம்ப்ளி கோட்டையைப் பிடித்தார்கள். உள்ளே 124 பீப்பாய் வெடிமருந்து. அந்த மருந்து கிடைத்த பிறகுதான் சான்-ழான் நவம்பர் 3ல் விழுந்தது, மான்ட்ரியல் நவம்பர் 13ல் விழுந்தது. அமெரிக்கப் புரட்சியின் ஆரம்பகால வெற்றிகளில் ஒன்றைப் பெற்றுத் தந்ததில் இந்த 300 பேருக்கு நேரடிப் பங்கு உண்டு.

கார்ல்டன் மயிரிழையில் தப்பினார். ராத்திரியில் துடுப்புச் சத்தம் கேட்காமல் அவரைப் படகில் கியூபெக் நகரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த மாலுமி ழான்-பத்தீஸ்த் பூஷெத், அவரும் ஒரு பிரெஞ்சுக் கனடியர்தான். இதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரே இனம், ஒரே ஆறு, ஆளுக்கொரு பக்கம்.

இன்னொரு படை பெனடிக்ட் ஆர்னால்டுடையது. சுமார் 1,100 பேர் மெயின் காடுகள் வழியாகக் கிளம்பினார்கள். கூட வந்தவர்களில் ஒரு பகுதி வழியிலேயே திரும்பிவிட்டது. மிச்சமிருந்தவர்கள் தின்ன ஒன்றுமில்லாமல் நாயைத் தின்றார்கள், தோல் செருப்பை வேகவைத்துக் குடித்தார்கள், மெழுகுவர்த்தியைக்கூட விடவில்லை. நவம்பர் முதல் வாரம் ஷோடியேர் ஆற்றங்கரையில் தள்ளாடிக்கொண்டு வந்தபோது, எதிரே மாடுகளை ஓட்டிக்கொண்டும் படகில் மாவு ஏற்றிக்கொண்டும் ஆட்கள் வந்தார்கள். போஸ் பகுதிக் குடியானவர்கள் விற்றும் கொடுத்தும் அவர்களுக்குச் சோறு போட்டார்கள். நோயில் விழுந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அந்த ரொட்டியும் மாட்டிறைச்சியும் இல்லாவிட்டால் ஆர்னால்டின் படை கியூபெக் மதிலைக் கண்ணால் பார்த்திருக்காது. சுமார் 600 பேர் வந்து சேர்ந்தார்கள்.

இரண்டு படையும் சேர்ந்து டிசம்பர் 31 விடியலில், பனிப்புயலுக்கு நடுவில், கியூபெக் நகரத்தைத் தாக்கின. பல வீரர்களின் சேவைக்காலம் மறுநாளோடு முடிகிறது என்பதால் அதற்கு மேல் காத்திருக்க முடியவில்லை. லிவிங்ஸ்டனின் கனடியர்களுக்குக் கியூபெக் மதிலின் சான்-ழான் வாசலில் போலித் தாக்குதல் நடத்தும் வேலை. தாக்குதல் படுதோல்வி. மான்ட்கோமெரி இறந்தார், ஆர்னால்டுக்குக் காலில் குண்டு, 400 பேருக்கு மேல் சிறைப்பட்டார்கள். ஆனால் முற்றுகை கலையவில்லை. குளிர்காலம் முழுக்க மதிலுக்கு உள்ளே கார்ல்டன், மதிலுக்கு வெளியே அமெரிக்கர்கள்.

இந்த நாலைந்து மாதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. போர் என்று பார்த்தால் இந்தக் காலத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஊர்களில் நடந்ததுதான் பெரிது.

கிளெமான் கோஸ்லானை எடுத்துக்கொள்ளலாம். 1747ல் ஓர்லியான் தீவில் பிறந்தவர், தச்சர். தென்கரையில் சென்ட்-ஆன் என்ற ஊரில் மாமனார் ஜெர்மேன் தியோனோடு சேர்ந்து வாழ்ந்தவர். கியூபெக் தாக்குதலில் கலந்துகொண்ட பிறகு, ஊர் ஊராகப் போனார். மக்களைக் கூட்டினார், காங்கிரஸின் அறிக்கையைப் படித்துக் காட்டினார், படைக்கு ஆள் சேர்த்தார், கேப்டன்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். கடைசியாகச் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. ஊர்ப்படைக் கேப்டன் என்பவர் வெறும் ராணுவ ஆள் இல்லை. சாலை வேலைக்கு ஆள் அனுப்புவதும், அரசாணையை ஊருக்குச் சொல்வதும், கூலியில்லா ஊழியத்துக்கு யார் போக வேண்டும் என்று முடிவு செய்வதும் அவர்தான். அதுவரை அவரை நியமித்தவர் கவர்னர். இப்போது கோயில் வாசலில் நின்று குடியானவர்களே தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் சொன்ன மூன்று விசாரணைக் கமிஷன்காரர்கள் கொளுத்தியது அந்தச் சீட்டுகளைத்தான். தாங்களே ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த மக்களிடம் இருந்த ஒரே காகிதம் அது.

தீக்காவல் என்று முதலில் சொன்னேனே, அதையும் விளக்கிவிடுகிறேன். பனி உருகியதும் இங்கிலாந்திலிருந்து கப்பல் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். வந்தால் முற்றுகையிட்டவர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அதற்காக ஆற்றோரம் மேடான இடங்களில் விறகைக் குவித்துவைத்து, முறை போட்டு ஆட்கள் ராத்திரி முழுக்கக் குளிரில் காத்திருந்தார்கள். கப்பலைப் பார்த்தால் தீ வைக்க வேண்டும், அடுத்த மேட்டில் இருப்பவர் அதைப் பார்த்துத் தன் குவியலைக் கொளுத்துவார், தீ தீயாகச் செய்தி மேலே ஏறும். கமிஷன் ஏட்டில் பல ஊர்களுக்கு நேரே இந்தக் காவல் ஒரு குற்றமாகப் பதிவாகியிருக்கிறது.

பெண்களும் பட்டியலில் இருக்கிறார்கள். சான்-வாலியே ஊரில் கபூரி என்பவருடைய விதவையைப் பற்றிக் கமிஷன் எழுதியிருப்பது: இந்த ஊரில் வேறு எவரையும்விட அதிகக் கேடு செய்தவர் இவர்தான், தன் வீட்டில் அடிக்கடி கூட்டம் கூட்டித் தானே தலைமை வகித்தார், அரசுக்கு எதிராக மனசைக் கிளப்பினார், அதற்காகச் சாராயமும் ஊற்றிக் கொடுத்தார். அவருக்கு 'ஹங்கேரி ராணி' என்று பட்டப்பெயர். முப்பது வருஷம் முன்னால் ஐரோப்பாவையே எதிர்த்து நின்ற மரியா தெரசாவின் பெயர் அது. ஓர்லியான் தீவில் ஓகுஸ்தேன் ஷபோ என்பவரின் மனைவி வீடு வீடாகப் போய்ப் பேசிப் பேசியே தீவின் மக்களைக் கெடுத்துவிட்டார் என்று இன்னொரு பதிவு. இரண்டு பேருடைய சொந்தப் பெயரையும் எழுத கமிஷன்காரர்களுக்குத் தோன்றவில்லை. ஒருவர் விதவை, ஒருவர் மனைவி, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண் 'தலைமை வகித்தார்' என்று எழுதாமல் இருக்க அவர்களால் முடியவில்லை.

சான்-மிஷேலில் நடந்தது இன்னும் கூர்மை. ஒரு யேசு சபைக் குருவானவர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். அரசருக்குக் கீழ்ப்படியுங்கள் என்பதுதான் சாரம். கோயிலுக்குள்ளேயே ஒருவர் குரலை உயர்த்தி, ஆங்கிலேயர்களுக்காக ரொம்ப நேரம் பிரசங்கம் செய்தாயிற்று என்று சொல்லிவிட்டார். பூசை நேரத்தில் பாதிரியாரை எதிர்த்துப் பேசுவது அந்தச் சமூகத்தில் எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். பாவசங்கீர்த்தனம், நற்கருணை, கல்யாணம், நல்லடக்கம் எல்லாமே அவர் கையில். ஆயரின் உத்தரவுப்படி, கிளர்ச்சிப் பக்கம் நின்று மனம் மாறாதவர்களுக்கு இவை எதுவும் கிடையாது.

எல்லோரும் குடியானவர்களும் இல்லை. சான்-மொரிஸ் இரும்பு ஆலையின் நிர்வாகி கிறிஸ்தோஃப் பெலிசியே முற்றுகைப் படைக்கு வெடிகுண்டுகள் வார்த்துக் கொடுத்தார். லூயி தெ லோபினியேர் என்ற பாதிரியார் ஆயரை மீறி லிவிங்ஸ்டன் படையின் ஆன்மகுருவாகப் போனார். விதிவிலக்குகள் இப்படி ஒன்றிரண்டு.

1776 மார்ச் 25. தென்கரையில் சான்-பியேர் என்ற ஊர். அரசர் பக்கம் நின்ற கனடியர்களைத் திரட்டிக்கொண்டு லூயி லியெனார் தெ போஜெ என்ற நிலக்கிழார் ஒரு படை கூட்டினார். அதன் முன்னணி ஆட்கள் மிஷேல் பிளே என்பவரின் வீட்டில் தங்கியிருந்தார்கள். அமெரிக்கர்கள் சிலரும், அவர்களைவிட அதிகமான எண்ணிக்கையில் கிளர்ச்சிப் பக்கக் கனடியர்களும் சேர்ந்து வீட்டைச் சூழ்ந்து சுட்டார்கள். உள்ளே இருந்தவர்களில் சிலர் இறந்தார்கள், ஒரு பாதிரியாருக்குக் காயம். சுட்டவர்களும் சுடப்பட்டவர்களும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். அப்பன் ஒரு பக்கம், பிள்ளை இன்னொரு பக்கம் நின்றார்கள் என்று அந்தக் காலத்திலேயே பேசப்பட்டது.

அந்த மார்ச் மாதத்துக்குள்ளேயே கிளர்ச்சிப் பக்கத்தின் அடித்தளம் ஆட ஆரம்பித்துவிட்டது. அமெரிக்கர்களிடம் வெள்ளிக்காசு தீர்ந்துபோனது. தாள் பணத்தை நீட்டினார்கள். பிரெஞ்சு ஆட்சியின் கடைசி வருஷங்களில் தாள் பணத்தை நம்பிச் சேமிப்பை இழந்த குடும்பங்கள் அவை. மறுபடி தாளா என்று பின்வாங்கினார்கள். விற்க மறுத்தவர்களிடம் துப்பாக்கிமுனையில் விறகும் மாவும் வண்டியும் பிடுங்கப்பட்டன. கனடியப் படை ஒன்றின் தலைவரான மோசஸ் ஹேசன் ஏப்ரல் 1ஆம் தேதி மேலதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். கையெழுத்துக்கூடப் புரியாத சீட்டைக் கொடுத்து மக்களை ஏமாற்றுகிறோம், நட்பாக இருந்தவர்களை நாமே எதிரியாக்குகிறோம் என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம். ஏப்ரல் கடைசியில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் முதலான தூதுக்குழு மான்ட்ரியலுக்கு வந்தது. வந்தவர்களிடமும் காசு இல்லை. இரண்டு வாரத்துக்குள் ஃபிராங்க்ளின் திரும்பிவிட்டார். குழுவுக்காக அச்சு வேலை செய்ய வந்த மெஸ்ப்லே மட்டும் தங்கிவிட்டார். அவர் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்ததுதான் பிற்காலத்து மான்ட்ரியல் கெசட் நாளிதழ்.

மே 6 அன்று ஆங்கிலேயக் கப்பல்கள் வந்தன. அமெரிக்கர்கள் பாதி சமைத்த சோற்றை விட்டுவிட்டு ஓடினார்கள். பெரியம்மை வேறு அவர்களைக் கொன்றுகொண்டிருந்தது. ஜூன் மாதக் கடைசிக்குள் கனடாவில் அமெரிக்கப் படை இல்லை. கமிஷன்காரர்கள் மூன்று பேரும் அதற்கு முன்பே நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தார்கள்.

திரும்ப முடியாதவர்கள்

கார்ல்டன் யாரையும் தூக்கில் போடவில்லை. அதை அவருடைய கணக்கில் நல்லதாகவே வைக்க வேண்டும். ஆனால் ஒன்றுமே செய்யவில்லை என்பதும் சரியில்லை. ஜெர்மானிய பிரன்ஸ்விக் படையினர் குளிர்காலத்தைக் கழிக்க ஊர்களில் வீடு வீடாகத் தங்கவைக்கப்பட்டார்கள். முந்தைய வருஷம் கிளர்ச்சிப் பக்கம் நின்றவர்கள் வீட்டில் அந்தப் பாரம் அதிகம் விழுந்தது. கூலியில்லா ஊழியமும் கூடியது. சடங்குகள் வேண்டுமென்றால் பகிரங்கமாகத் தவறை ஒத்துக்கொள்ள வேண்டும் என்று ஆயர் சொல்லியிருந்தார். பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொண்டார்கள். கல்யாணமும் ஞானஸ்நானமும் நடக்க வேண்டுமே.

இன்னும் சிலர் அமெரிக்கர்களோடு தெற்கே போய்விட்டார்கள். லிவிங்ஸ்டன் படை, ஹேசன் படை என்ற இரண்டு கனடியப் படைகள் அமெரிக்க ராணுவத்தின் அங்கமாகப் போர் முடியும் வரை ஏதோ ஒரு வடிவில் நீடித்தன. ஹேசன் படை பிராண்டிவைனிலும் ஜெர்மன்டவுனிலும் 1781ல் யார்க்டவுனிலும் இருந்தது. கோஸ்லான் முதலில் ஊரிலேயே ஒளிந்திருந்தார், 1777ல் பிடிபட்டுக் கியூபெக் சிறையில் கிடந்தார், 1778ல் வெளியே வந்ததும் மறுபடி ஹேசன் படையில் சேர்ந்தார். உளவு பார்க்கக் கனடாவுக்குள் போய் வந்தார். யார்க்டவுனில் காயம்பட்டார். அவர்களோடு போன மனைவி மக்கள் ஆல்பனி, ஃபிஷ்கில் முகாம்களில் காங்கிரஸ் கொடுத்த ரேஷனை நம்பிக் காத்திருந்தார்கள். 1783ல் சமாதானம் வந்தது. கனடா பிரிட்டனிடமே இருந்தது. இவர்களுடைய ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம்.

நியூயார்க் மாநிலம் ஷாம்ப்ளேன் ஏரியின் வடமுனையில் கனடிய அகதிகளுக்கென்று நிலம் ஒதுக்கியது. காடும் கல்லும். பலர் அங்கே போகாமலேயே நிலத்தை அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். போனவர்கள் மரம் வெட்டிக் குடிசை போட்டார்கள். எல்லைக்கு மிக அருகில் இருக்கும் ரவுசஸ் பாயின்ட் என்ற ஊரின் பெயர் ஜாக் ரவுஸ் என்ற அப்படி ஒரு கனடியரிடமிருந்து வந்தது. கோஸ்லான் 1816ல் அந்த ஏரிப் பக்கத்தில்தான் கண்மூடினார். 1798ல் காங்கிரஸ் இன்னொரு சட்டம் போட்டு ஒஹையோவிலும் நிலம் கொடுத்தது. கொலம்பஸ் நகரத்தில் இன்றும் 'ரெஃப்யூஜி ரோடு' என்று ஒரு சாலை இருக்கிறது. அந்தப் பெயர்ப்பலகையில் உள்ள அகதி இவர்கள்தான்.

வம்சத்தைத் தேடுகிறவர்களுக்கு இங்கேதான் சிக்கல். கியூபெக் பங்குப் பதிவேடுகள் உலகத்திலேயே மிக ஒழுங்காகக் காக்கப்பட்டவற்றில் சேரும். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் பெற்றோர் பெயரோடு இருக்கும், பெண்களுக்குப் பிறந்த வீட்டுப் பெயரே இருக்கும். எல்லை தாண்டியதும் அந்த நூல் அறுந்துவிடும். அமெரிக்கப் படைப் பதிவேட்டை எழுதியவர் ஆங்கிலம் பேசுபவர், காதில் விழுந்தபடி எழுதினார். போதாததற்குக் கனடியக் குடும்பங்களில் 'தி' (dit, 'எனப்படும்') என்ற சொல்லோடு சேர்ந்த இரண்டாவது குடும்பப்பெயர் வழக்கம் உண்டு. அப்பா ஒன்றைப் பயன்படுத்துவார், பிள்ளை இன்னொன்றை. அடுத்த தலைமுறை பெயரை மொழிபெயர்த்துவிடும். ருவா கிங் ஆவார், லெப்லான் ஒயிட் ஆவார், புவாவெர் கிரீன்வுட் ஆவார். 1818லும் 1832லும் வந்த ஓய்வூதியச் சட்டங்களின்கீழ் கிழவர்களாகிவிட்ட வீரர்கள் கொடுத்த வாக்குமூலங்கள் பலருக்குக் கைகொடுக்கின்றன. எந்த ஊரில் பிறந்தேன், எந்தக் கேப்டனிடம் இருந்தேன் என்று அவற்றில் சொல்லியிருப்பார்கள். ஊரில் தங்கிவிட்டவர்களுக்கு அதுவும் கிடையாது. மாவு கொடுத்தவர், தீக்காவல் இருந்தவர், கேப்டனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், இவர்களுக்கெல்லாம் பாபி, தாஷ்ரோ, வில்லியம்ஸ் எழுதிய ஏடுதான் கதி. சான்-வாலியேயிலோ சான்-பியேரிலோ தன் குடும்பப்பெயர் 'தீவிரக் கிளர்ச்சிக்காரர்' என்ற குறிப்போடு இருப்பதைக் கண்டுபிடிக்கிற ஒருவர் இன்றைக்கு அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்.

சான்-மிஷேலில் வழிவழியாக ஒரு செய்தி சொல்கிறார்கள். கடைசிவரை மன்னிப்புக் கேட்க மறுத்தவர்கள் ஐந்து பேர் அந்த ஊரில் இருந்தார்களாம். சாகும்போது பாதிரியார் வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் இடமும் இல்லை. சாலையோரம் ஒரு நிலத்தில் புதைத்தார்கள். சுற்றி ஒரு வேலி மட்டும். 1880ல், நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, அந்த ஊர்ப் பங்குத் தந்தை எலும்புகளைத் தோண்டி எடுத்துக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். வைத்த இடம், ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளுக்கான மூலை.